கதைச்சுருக்கம் எழுதினால் ஏன் மதிப்பெண் வருவதில்லை? ஆங்கில இலக்கிய மாணவர்களின் கேள்விகள்

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறோம்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தேன். ஷேக்ஸ்பியர் நாடகத்தைத் திறந்தால் முதல் பக்கத்தையே தாண்ட முடியவில்லை. தோழிகள் எல்லாரும் கைடு வாங்கிவிட்டார்கள். நானும் வாங்கட்டுமா?
– முதலாண்டு மாணவி, தருமபுரி

வாங்குங்கள். ஆனால் அதை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காட்சியை எடுத்துக்கொண்டால், அதில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் கைடில் படித்துவிட்டு மூடிவிடுங்கள். கதை முன்கூட்டியே தெரிந்துவிட்டால் சுவாரசியம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். ஷேக்ஸ்பியர் காலத்தில் நாடகம் பார்க்க வந்தவர்களில் பலருக்கும் கதை முன்பே தெரிந்திருக்கும். அடுத்து, அகராதியைத் தொடாமல் அந்தக் காட்சியை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். மேடை நடிப்பின் காணொளியோ ஒலிப்பதிவோ கிடைத்தால் அதைக் கேட்டுக்கொண்டே வரிகளைப் பின்தொடருங்கள். இரண்டாவது வாசிப்பில் பென்சிலை எடுங்கள். எந்தச் சொல் தெரியாவிட்டால் வாக்கியமே நிற்காதோ அதை மட்டும் தேடுங்கள். பக்கத்துக்கு ஏழெட்டுச் சொல் போதும். எல்லாவற்றையும் தேட ஆரம்பித்தால் மூன்றாம் நாளே புத்தகத்தைப் போட்டுவிடுவீர்கள். பக்கத்தின் அடியிலோ எதிர்ப்பக்கத்திலோ குறிப்புள்ள பதிப்பாகப் பாருங்கள். ஆர்டன், நியூ கேம்பிரிட்ஜ், ஃபோல்ஜர் மூன்றும் அப்படிப்பட்டவை. ஃபோல்ஜரின் நாடக மூலங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, குறிப்புகள் மட்டும் அச்சுப் பதிப்பில்தான்.

தெரியாத சொல்லைவிடத் தெரிந்தது போலிருக்கும் சொல்தான் ஆளைக் கவிழ்க்கும். ஜூலியட் மாடத்தில் நின்று ‘வேர்ஃபோர்’ என்று கேட்பதை ‘ரோமியோ, எங்கே இருக்கிறாய்?’ என்று எழுதுகிற விடைத்தாள்கள் ஏராளம். அந்தச் சொல்லுக்கு ‘ஏன்’ என்று பொருள். பகைக் குடும்பத்தின் பெயரோடு நீ ஏன் ரோமியோவாக இருக்கிறாய் என்கிறாள். அதேபோல ‘பிரசென்ட்லி’ என்றால் ஷேக்ஸ்பியரிடம் பெரும்பாலும் ‘உடனே’.

தமிழ்வழியில் படித்ததால் உங்களுக்கு ஓர் அனுகூலமும் உண்டு. அந்தக் கால ஆங்கிலத்தில் ‘தௌ’, ‘யூ’ என்று இரண்டு முன்னிலைச் சொற்கள் இருந்தன. நம்முடைய நீ, நீங்கள் போலத்தான். இன்றைய ஆங்கிலத்தை மட்டும் அறிந்தவருக்கு இது அடிக்குறிப்பைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டிய சங்கதி. உங்களுக்குக் காதிலேயே விழும்.

ஹேம்லட் நாடகத்தின் மூன்றாம் அங்கம், நான்காம் காட்சியைப் பாருங்கள். தாய் கெர்ட்ரூட் மகனிடம், ‘ஹேம்லட், நீ உன் தந்தையை மிகவும் புண்படுத்திவிட்டாய்’ என்கிறாள். மகனிடம் பேசுவதால் ‘நீ’. தந்தை என்று அவள் சொல்வது தான் மறுமணம் செய்துகொண்ட கிளாடியஸை. ஹேம்லட் அதே வாக்கியத்தைத் திருப்பிப்போடுகிறான்: ‘அம்மா, நீங்கள் என் தந்தையை மிகவும் புண்படுத்திவிட்டீர்கள்.’ அவன் சொல்லும் தந்தை இறந்துபோன அரசர். அடுத்த வரியில் தாயும் ‘யூ’வுக்கு மாறிவிடுகிறாள். பெற்ற மகனைத் திடீரென்று ‘நீங்கள்’ என்று அழைக்கும் தாயின் குரல் எப்படி இருக்கும் என்று நம் வீட்டு ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சற்று நேரத்தில், மகன் தன்னைக் கொன்றுவிடுவானோ என்று அஞ்சிக் கத்தும்போது மறுபடி ‘தௌ’. இந்த மாற்றங்கள் எந்தக் கதைச்சுருக்கத்திலும் வராது. பரீட்சையில் இதை ஒரு பத்தி எழுதினால், திருத்துபவருக்கு நீங்கள் மூலத்தைப் படித்தவர் என்பது உடனே தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஷேக்ஸ்பியர் எழுதிய காலத்திலேயே ‘தௌ’ வழக்கொழியத் தொடங்கிவிட்டது. எல்லா மாற்றத்துக்கும் காரணம் கற்பிக்காதீர்கள். உரையாடலின் சூடும் அதே இடத்தில் மாறினால் மட்டும் எழுதுங்கள்.

யாப்பிலக்கணம் எனக்கு நன்றாக வரும். ஆனால் ஆங்கிலக் கவிதையைச் சீர் பிரிக்கச் சொன்னால் தப்பாகவே வருகிறது. ஐயாம்பிக் பென்டாமீட்டர் என்பதை எப்படிப் பிடிப்பது?
– இரண்டாமாண்டு மாணவர், கும்பகோணம்

தப்பு வருவதற்கு உங்கள் யாப்பறிவே காரணமாக இருக்கலாம். தமிழில் நேர், நிரை என்று அசை பிரிப்பது குறில், நெடில், ஒற்று ஆகியவற்றை வைத்து. எழுத்தைப் பார்த்தே அலகிட்டுவிடலாம். ஆங்கிலத்தில் எழுத்தின் நீளத்துக்கு வேலை இல்லை, எந்த அசையில் குரல் அழுந்துகிறது என்பதே கணக்கு. ‘கம்பேர்’ என்ற சொல்லை நம் முறையில் அலகிட்டால் நேர், நேர் என்று இரண்டும் ஒன்றாகிவிடும். ஆங்கிலக் காதுக்கு முதலசை தளர்ந்தது, இரண்டாவது அழுத்தமானது. இந்தத் தளர்வு–அழுத்தம் ஜோடிக்குப் பெயர்தான் ஐயாம்ப். ஒரு வரியில் ஐந்து ஜோடி வந்தால் பென்டாமீட்டர்.

ஷேக்ஸ்பியரின் 18ஆம் சானட்டின் (சானட் என்பது பதினான்கு வரிக் கவிதை) முதல் வரியைத் தமிழ் எழுத்தில் அசை அசையாகப் பிரித்து எழுதினால் இப்படி வரும்: ஷல்–ஐ, கம்–பேர், தீ–டு, எ–சம், மர்ஸ்–டே. பத்து அசைகள். இரண்டு, நான்கு, ஆறு, எட்டு, பத்தாவது இடங்களில் தட்டு விழ வேண்டும். மேசையில் விரலால் தட்டிக்கொண்டே சொல்லிப் பாருங்கள்.

செய்முறையாகச் சொன்னால், முதலில் ஓரசைக்கு மேற்பட்ட சொற்களுக்கு அகராதியில் அழுத்தக்குறி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது மாறாது. அதற்கு மட்டும் முதலில் குறியிடுங்கள். அடுத்து ஓரசைப் பெயர், வினைச் சொற்களைக் குறியுங்கள். ‘டு’, ‘எ’, ‘ஆஃப்’ போன்ற சின்னச் சொற்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள வரியில் ஆறாவது இடத்தில் ‘டு’ நிற்கிறது. தட்டு விழும் இடம்தான், ஆனாலும் பேச்சில் யாரும் அதை அழுத்த மாட்டார்கள். அங்கே லேசான தட்டு என்று குறித்தால் போதும்.

பலர் செய்யும் பிழை, முதலிலேயே தளர்வு–அழுத்தம் என்று வரி முழுக்க இயந்திரம் போலப் போட்டுக்கொண்டு போவது. கவிஞர் வேண்டுமென்றே தாளத்தை உடைக்கும் இடங்கள் அப்போது கண்ணில் படாது. அதே சானட்டின் மூன்றாம் வரியை எடுங்கள். ‘ரஃப் விண்ட்ஸ்’ என்று தொடங்கும், அதாவது முரட்டுக் காற்று. இரண்டு அசையிலும் குரல் அழுந்துகிறது. மே மாத மொட்டுகளைக் காற்று உலுக்குகிறது என்று சொல்லும் வரியில் சந்தமும் தொடக்கத்திலேயே உலுக்கப்படுகிறது. சீர் பிரித்துக் காட்டுவதற்கு 2 மதிப்பெண் கிடைக்குமென்றால், எங்கே உடைகிறது, அங்கே பொருள் என்ன செய்கிறது என்று எழுதுவதற்குத்தான் மீதி மதிப்பெண்.

எங்களுக்கு ஃபிலிம் ஸ்டடீஸ் விருப்பப்பாடம். படம் நன்றாகவே புரிகிறது, அசைன்மென்ட் எழுதினால் ‘இது விமர்சனம், பகுப்பாய்வு இல்லை’ என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.
– மூன்றாமாண்டு மாணவர்கள் மூவர், திருநெல்வேலி

முழுப் படத்தையும் எடுத்துக்கொண்டு எழுதுவதால் வரும் சிக்கல் இது. இரண்டரை மணி நேரப் படத்தை ஐந்து பக்கத்தில் அடக்கினால் கதையும், ‘ஒளிப்பதிவு அருமை’ என்பது போன்ற வரிகளும்தான் மிஞ்சும். இரண்டு அல்லது மூன்று நிமிடம் ஓடும் ஒரே ஒரு காட்சியைத் தேர்ந்தெடுங்கள்.

நோட்டில் ஆறு நெடுவரிசை கொண்ட கட்டம் போடுங்கள்: ஷாட் எண் (வெட்டாமல் ஓடும் ஒரு துண்டு ஒரு ஷாட்), எத்தனை விநாடி, தூரம் (குளோசப், மிட், லாங்), கேமராவின் உயரமும் அசைவும், சட்டகத்துக்குள் யாரும் எதுவும் இருக்கும் இடம், ஒலி. ஷாட் மாறும் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி ஒரு வரி எழுதுங்கள். மூன்று நிமிடக் காட்சியில் இருபது முப்பது ஷாட் இருந்தால் இரண்டு மணி நேரம் பிடிக்கும். அந்த இரண்டு மணி நேரத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். அதன்பின் காட்சியை ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள், கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள்.

ஒலி என்றவுடன் பின்னணி இசை நன்றாக இருந்தது என்று முடித்துவிடாதீர்கள். சத்யஜித் ராயின் பதேர் பாஞ்சாலி (1955) படத்தில், வெளியூரிலிருந்து திரும்பும் ஹரிஹர் வாங்கிவந்த பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். மகள் துர்காவுக்கென்று வாங்கிய புடவையும் அதில் இருக்கிறது. துர்கா இறந்தது அவருக்குத் தெரியாது. தாய் சர்பஜயா உடைந்து அழும்போது அவள் குரல் நமக்குக் கேட்பதில்லை, அந்த இடத்தில் தார்ஷெனாய் என்ற தந்திக்கருவி ஓங்கி ஒலிக்கிறது. அழுகையைக் காட்டும் வாய் திரையில் இருக்கிறது, அழுகை மட்டும் வேறெங்கிருந்தோ வருகிறது. மனிதக் குரலை எடுத்துவிட்டு அங்கே ஒரு வாத்தியத்தை வைத்ததால் என்ன நேர்கிறது? இந்தக் கேள்விக்கு இரண்டு பக்கம் எழுதினால் அது பகுப்பாய்வு.

சட்டகத்தின் முன்–பின் ஆழத்துக்கு, சிட்டிசன் கேன் (1941) படத்தில் சிறுவன் கேனை வளர்ப்புக்கு ஒப்படைக்கும் காட்சி வகுப்புகளில் பெரும்பாலும் காட்டப்படும். முன்னால் மேசையில் தாயும் வங்கிக்காரரும் பத்திரத்தோடு, நடுவில் தவிப்போடு தந்தை, தூரத்தில் சன்னல் வழியாகப் பனியில் விளையாடும் பையன். மூன்று தளமும் தெளிவாகத் தெரியும்படி ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் எடுத்திருக்கிறார். அவனுடைய தலையெழுத்து முடிவாகும் நேரத்திலேயே, அது தெரியாமல் அவன் விளையாடுவதை வெட்டாமல் ஒரே சட்டகத்தில் பார்க்கிறோம். கட் செய்து மாற்றி மாற்றிக் காட்டியிருந்தால் என்ன போயிருக்கும் என்று யோசித்தால் வாதம் தானாகக் கிடைக்கும்.

இரண்டு தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள். ஒன்று, ‘பேன்’, ‘டிராக்கிங்’ என்ற இரண்டு கேமரா அசைவுகளைக் குழப்புவது. கேமரா நின்ற இடத்தில் தலையை மட்டும் திருப்பினால் பேன். தானே நகர்ந்தால் டிராக்கிங். சந்தேகம் வந்தால் பக்கத்திலுள்ள தூணையும் தொலைவிலுள்ள மரத்தையும் பாருங்கள். தூண் மரத்தைக் கடந்து வேகமாக விலகினால் கேமரா நகர்கிறது. மற்றொன்று, ‘லோ ஆங்கிள் (கீழிருந்து மேல்நோக்கிக் காட்டுவது) என்றால் அதிகாரம்’ என்று வாய்ப்பாடு ஒப்பிப்பது. அதே சிட்டிசன் கேன் படத்தில் தேர்தலில் தோற்றுப்போன கேனைத் தரையோடு தரையாக வைத்த கேமராதான் காட்டுகிறது. அங்கே அதிகாரம் ஏது?

நாவலையும் அதிலிருந்து எடுத்த படத்தையும் ஒப்பிடச் சொல்கிறார்கள். விட்டது, சேர்த்தது என்று பட்டியல் போட்டேன். போதாது என்கிறார்கள்.
– எம்.ஏ. மாணவி, திருச்சி

பட்டியல் வீட்டுப்பாடமாக இருக்கட்டும். கட்டுரைக்கு அதிலிருந்து ஒன்றை எடுத்து, ‘ஏன் இதற்குப் பதிலாக இது?’ என்று கேளுங்கள்.

ஜேன் ஆஸ்டினின் சென்ஸ் அண்ட் சென்ஸிபிலிட்டி 1811இல் வந்தது. அதைத் தழுவி ராஜீவ் மேனன் 2000இல் எடுத்த படம் கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன். நாவலின் கர்னல் பிராண்டன் முன்பு கிழக்கிந்தியப் பகுதியில் பணியாற்றித் திரும்பியவர். இங்கிலாந்தின் வரவேற்பறைக்குப் பின்னால் எங்கோ ஒரு பேரரசு இருக்கிறது என்பதற்கு அந்தக் குறிப்பு ஒரு சாட்சி. படத்தில் அவர் மேஜர் பாலாவாகிறார். இலங்கைக்குப் போன அமைதிப்படையில் காலை இழந்தவர். தூரத்து ராணுவச் சேவை என்ற இடம் அப்படியே இருக்கிறது, அதற்குள் வேறொரு வரலாறு வந்து உட்கார்ந்திருக்கிறது. நாவலில் போர் அவர் உடம்பில் எந்த வடுவையும் காட்டவில்லை, படத்தில் அது நடையிலேயே தெரிகிறது. இந்த ஒரு மாற்றத்தை வைத்தே பன்னிரண்டு பக்கம் எழுதலாம்.

ஊடகத்தின் இயல்பையும் கவனியுங்கள். ‘அவள் தினமும் மாலையில் நடக்கப் போவாள்’ என்று நாவல் ஒரே வரியில் சொல்லிவிடும். கேமராவால் ஒரு மாலையைத்தான் காட்ட முடியும். ‘தினமும்’ என்பதைச் சொல்ல ஆடை மாற்றம், பருவ மாற்றம், பாட்டு என்று ஏதாவது தேட வேண்டும். நம் படங்களில் பாட்டுக்குள் மாதங்கள் ஓடிவிடுவது இதற்குத்தான். பாட்டைக் குறையாகக் கருதி ஒதுக்கிவிட்டு ஒப்பீடு எழுதுகிறவர்கள், நாவலின் அந்த வாக்கியங்கள் எங்கே போயின என்று கண்டுபிடிக்காமலே போகிறார்கள்.

தீசிஸ் ஸ்டேட்மென்ட் என்கிறார்களே, அதை எப்படி எழுதுவது?
– பலர்

கட்டுரை நிரூபிக்கப்போகும் மைய வாதத்தைச் சொல்லும் வரிதான் தீசிஸ் ஸ்டேட்மென்ட். நீங்கள் எழுதிய வரியைப் பார்த்து, விஷயம் தெரிந்த ஒருவர் ‘இல்லை, நான் அப்படி நினைக்கவில்லை’ என்று சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். ‘ஹேம்லட்டில் தாய்–மகன் உறவு முக்கியமானது’ என்பதை யார் மறுப்பார்கள்? மறுக்க ஆளில்லாத வரியை நிரூபிக்கவும் வேண்டியதில்லை. ‘கெர்ட்ரூட் மகனிடமிருந்து விலகுவதை அவள் சொல்லும் கருத்தைவிட விளிக்கும் சொல்லே முதலில் காட்டிக்கொடுக்கிறது’ என்று எழுதினால் மறுப்பும் வரும், நாடகத்தைப் புரட்டி ஆதாரம் காட்ட வேண்டியும் வரும். இந்த வரியை முதல் நாளே எழுதிவிட முடியாது. வாசிப்பில் எடுத்த குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருவது எது என்று பார்த்து, முதல் வரைவை முடித்தபின் கடைசிப் பத்தியைப் படியுங்கள். உண்மையான தீசிஸ் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அதை வெட்டி முதல் பத்திக்குக் கொண்டுவந்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

பத்திக்குள் மேற்கோளை அப்படியே போட்டுவிட்டு ஓடிவிடக் கூடாது. யார், எந்தச் சூழலில் சொன்னது என்று ஒரு வரி. பிறகு மேற்கோள். பிறகு அதிலுள்ள ஒரு சொல்லையாவது தொட்டு நாலைந்து வரி. கதையைக் குறிப்பிடும்போது நிகழ்காலத்தில் எழுதுங்கள்: கெர்ட்ரூட் சொல்கிறாள், சொன்னாள் அல்ல.

மேற்கோள் காட்டும் விதிகளைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். செயற்கை நுண்ணறிவில் எழுதினால் கண்டுபிடித்துவிடுவார்களா?
– எம்.ஏ. மாணவர், மதுரை

ஆங்கிலத் துறைகளில் வழங்கும் எம்.எல்.ஏ. (மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன்) மேற்கோள் முறையின் ஒன்பதாம் பதிப்பு 2021இல் வந்தது. உங்கள் துறை எதைக் கேட்கிறது என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். தாளின் நாற்புறமும் 1 அங்குல ஓரம், இரட்டை வரி இடைவெளி. உரைநடை மேற்கோள் நான்கு வரிக்கு மேல் போனால், கவிதை மூன்று வரிக்கு மேல் போனால், தனிப்பத்தியாக அரை அங்குலம் உள்ளே தள்ள வேண்டும், மேற்கோள் குறி போடக் கூடாது. அடைப்புக்குறிக்குள் ஆசிரியர் குடும்பப்பெயரும் பக்க எண்ணும் இருக்கும், நடுவே காற்புள்ளி கிடையாது. நாடகத்துக்குப் பக்க எண்ணுக்குப் பதில் அங்கம், காட்சி, வரி எண்கள். படத்துக்கு மணி, நிமிடம், விநாடி. நூல், படத் தலைப்புகள் சாய்வெழுத்தில் வரும், கையால் எழுதினால் அடிக்கோடு. சிறுகதை, கவிதைத் தலைப்புகளுக்கு மேற்கோள் குறி.

இரண்டாவது கேள்விக்கு: பிடிபடுவதற்கு முன்பே மாணவரைக் கவிழ்ப்பது பொய் மேற்கோள்கள். அந்தக் கருவிகள் இல்லாத கட்டுரைக்குத் தலைப்பு, ஆசிரியர், பக்க எண் எல்லாம் ஜோடித்துத் தந்துவிடும். ‘இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்’ என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டால் கதை முடிந்தது. நீங்கள் கையில் வைத்துப் படிக்காத எதுவும் உங்கள் நூற்பட்டியலில் இருக்கக் கூடாது. ஆய்வேடுகளில் கருத்துத் திருட்டுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் விதி வகுத்திருக்கிறது. 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. அதற்குமேல் 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்திச் சமர்ப்பிக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைச் சமர்ப்பிக்கவே முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து.

எங்கள் கல்லூரியில் கிரியேட்டிவ் ரைட்டிங் தாள் புதிதாக வந்திருக்கிறது. பட்டறை என்றால் என்ன செய்வார்கள்?
– இரண்டாமாண்டு மாணவி, நாகர்கோவில்

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936இல் தொடங்கிய எழுத்துப் பட்டறையிலிருந்து பரவிய முறை இது. உங்கள் கதையின் நகல் சில நாள் முன்னதாகவே எல்லாருக்கும் போகும். அனைவரும் ஓரத்தில் குறிப்பெழுதிக்கொண்டு வருவார்கள். அவர்கள் பேசும்போது எழுதியவர் வாய் திறக்கக் கூடாது என்பது பழைய விதி. கூச்ச சுபாவமுள்ளவர்களை அது நசுக்கிவிடுகிறது என்பதால் இப்போது பல இடங்களில், ‘எனக்கு இந்த மூன்று விஷயத்தில் கருத்து வேண்டும்’ என்று எழுதியவரே தொடங்கிவைக்கிறார். உங்கள் ஆசிரியரிடம் இந்த இரண்டாவது முறையைக் கேட்டுப் பாருங்கள். மற்றவர் கதையைப் பற்றிப் பேசும்போது ‘பிடித்தது’, ‘பிடிக்கவில்லை’ வேண்டாம். ‘மூன்றாம் பக்கத்தில் அப்பா வந்ததும் யார் பேசுகிறார்கள் என்று எனக்குக் குழம்பியது’ என்று இடத்தைச் சுட்டிச் சொல்லுங்கள். அதை வைத்துத்தான் அவர் திருத்த முடியும்.

நெட் தேர்வுக்கு எப்போதிலிருந்து படிக்க வேண்டும்?
– எம்.ஏ. முதலாண்டு மாணவர், வேலூர்

இப்போதிலிருந்தே. கல்லூரி ஆசிரியர் பணிக்கான இந்தத் தேசியத் தகுதித் தேர்வில் மூன்று மணி நேரத்தில் இரண்டு தாள்: பொதுத்தாளில் 50 கேள்வி, ஆங்கிலத்தில் 100 கேள்வி, மொத்தம் 300 மதிப்பெண், தவறான விடைக்குக் கழிவு இல்லை. ஆங்கிலப் பாடத்திட்டம் பத்து அலகு. நாடகம், கவிதை, புனைகதை எல்லாரும் படித்துவிடுவார்கள். மொழியியல், இந்தியாவில் ஆங்கிலத்தின் வரலாறு, பண்பாட்டு ஆய்வுகள், ஆய்வு முறைகள் ஆகிய அலகுகளைத்தான் கடைசி மாதத்துக்குத் தள்ளிவிட்டுத் திண்டாடுகிறார்கள். அங்கிருந்து தொடங்குங்கள். வாரத்துக்கு ஒரு முந்தைய வினாத்தாளை நேரம் வைத்து எழுதி, தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் மூல நூலில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். நெட் கைடுகளில் பிழையான ஆண்டுகளும் ஆசிரியர் பெயர்களும் நிறைய இருப்பதால், அதில் இருப்பதை அப்படியே மனப்பாடம் செய்துவிட வேண்டாம்.